மூலையக்கா ரூம் போட்ட கதை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் மூலையக்கா. ஏதோ மூலையில் முடங்கிக் கிடப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள், அவளாவது முடங்குவதாவது! ஒன்பது அறை உள்ள ஒரு சின்ன ஓட்டலில் ரூம் சுத்தம் செய்கிற பெண்களுக்கெல்லாம் தலைவி அவள். பெட்ஷீட்டின் நான்கு மூலையையும் அவள் மடித்துச் செருகினால், கடையில் பரிசுப் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாதிரி இருக்கும். புதிதாக வேலைக்கு வந்த பெண் போட்ட விரிப்பில் ஒரு முனை தொங்கினாலும் போச்சு. "இது என்ன, நாய்க் காதா?" என்று அப்படியே உருவிப் போட்டுவிட்டு மறுபடி போடச் சொல்வாள். இந்த மூலைப் பைத்தியத்தால்தான் அந்தப் பெயர்.

"எனக்கு ஒரு திறமையும் கிடையாது, கண்ணை உறுத்தும், அவ்வளவுதான்," என்பாள். உண்மைதான். கலைந்த கட்டிலைப் பார்த்தால் அவளுக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் பேசிக்கொண்டே சோபா உறையை இழுத்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் நோயாளியைப் புரட்டிப் போட்டு விரிப்பைச் சரி செய்துவிட்டுத்தான் "இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மடித்த கையை மட்டும் ஏன் விட்டார்களோ தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் அந்த ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவத்தான் வந்தாள். மாடியில் வேலை பார்த்த பெண் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். "நீ போய் ரெண்டு ரூம் பண்ணிட்டு வா," என்று முதலாளியம்மா அனுப்பினார். போனவள் இறங்கி வரவே இல்லை. என்ன ஆயிற்றோ என்று முதலாளியம்மா மூச்சு வாங்க மேலே ஏறிப் போய்ப் பார்த்தால், எல்லா அறையையும் முடித்துவிட்டுக் கடைசி அறையின் ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்! மறுநாளிலிருந்து பாத்திரம் கழுவ வேறு ஆள் வந்தது.

அவள் புருஷன் டவுன் பஸ் டிரைவர். பஸ்ஸுக்கு வெளியிலும் தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும். ராத்திரி சர்வீஸ் ஓட்ட டிப்போவில் யாரும் முன்வரவில்லை. இவர் மட்டும் பாவம், சரி என்று தலையாட்டினார். சரி என்று சொன்னவன் தலையில்தானே எல்லாமே விழும்? கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் இருபது வருஷத்தையும் தாண்டி ஓடியது.

அவர் விடிந்து வருவார், அவள் விடிந்து கிளம்புவாள். மாடிப்படியில் ஒருவரை ஒருவர் கடப்பார்கள். "டீ பிளாஸ்க்ல இருக்கு." "ம்." "கேஸ் தீந்துடுச்சு." "சொல்றேன்." முடிந்தது குடும்பம்! அவள் சாயங்காலம் வரும்போது அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். வாரக் கடைசியில் ஓட்டல் நிரம்பி வழியும், அவளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அவருக்கோ செவ்வாய்க்கிழமைதான் லீவு. "ஏம்ப்பா, உனக்கு எப்படிப்பா ஒரு பொண்ணு பொறந்துச்சு?" என்று டிப்போவில் கேலி செய்வார்கள். "செவ்வாய்க்கிழமை" என்பார் அவர், சிரிக்காமல்.

அந்தப் பெண் வளர்ந்து, படித்து, கல்யாணமாகி, வேறு ஊரில் இருக்கிறாள். இப்போது அப்பா ரிட்டயர் ஆகிறார் என்றதும் அவளுக்குத்தான் தலைகால் புரியாத சந்தோஷம். "ரெண்டு பேரும் எங்கயாவது போய் ஜாலியா இருந்துட்டு வாங்க," என்று போனில் ஆரம்பித்தாள். தூரம் என்றால் முடியாது என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் இருவரும் ஒரே குரலில் எதையாவது சொன்னது அதுதான் முதல் தடவை. பெண் விடவில்லை. இதே நகரத்தின் இன்னொரு கோடியில், தன் செலவிலேயே ஒரு ஓட்டலைப் பிடித்தாள்.

"அம்மா, விலை கம்மிதான். ஆனா பாக்க அவ்வளவு ஸ்டைலா இருக்கும். எட்டே ரூம். அமைதியான ஏரியா."

"ஓட்டல்காரிக்கே ஓட்டலா? கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்துட்டியேடி!"

"நீ ரூமைச் சுத்தம் பண்ணியிருக்கம்மா. ஒரு நாளாவது தங்கியிருக்கியா?"

மூலையக்கா தன் ஓட்டலின் ஒன்பது அறையையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் அவள் சரி என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. பேய் பிசாசுப் பயமல்ல, புருஷன் பயம். அவர் அடிக்கிற ஆளோ திட்டுகிற ஆளோ கிடையாது, தங்கமான மனுஷன்தான். ஆனால் இத்தனை வருஷம் ஒரு மனுஷனை மாடிப்படியில் மட்டும் பார்த்துவிட்டு, இனிமேல் காலையிலும் அவர், மாலையிலும் அவர், ராத்திரியும் பக்கத்தில் அவர் என்றால்? என்ன பேசுவது? அவர் எதற்குச் சிரிப்பார்? எதற்குக் கோபப்படுவார்? ரேடியோவைச் சத்தமாக வைப்பாரா? ஓட்டலுக்கு வாடிக்கையாக வருகிற பல் டாக்டர் எத்தனை தலையணை கேட்பார் என்பது அவளுக்குத் தெரியும். சொந்தப் புருஷனுக்கு எத்தனை தலையணை வேண்டும் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. திக்கென்றது.

நேரம் பார்த்து முதலாளியம்மா ஒரு வழி காட்டினார். ராத்திரி பொறுப்புக்கு ஓட்டலிலேயே தங்கி இருக்க ஒரு ஆள் வேண்டும். கீழே பின்பக்கம் ஒரு அறை, சாப்பாடு, வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்குப் போய்க்கொள்ளலாம். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா? யோசிச்சுச் சொல்லு. புதன்கிழமை சாயங்காலம் நானே போன் பண்றேன். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துடணும்," என்றார். வாரத்தில் ஒரு நாள்! பழைய செவ்வாய்க்கிழமைக் கணக்கேதான். மூலையக்காவுக்குப் பாதி மனசு அப்போதே சரி சொல்லிவிட்டது. மீதிப் பாதிதான் ஓட்டலுக்கு வந்தது. ரெண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்ப்போம். ஆகும் என்றால் வீடு, ஆகாது என்றால் பின்பக்கத்து அறை. இதுதான் அவள் திட்டம்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பையோடு போய் இறங்கினார்கள். முந்தின நாள்தான் டிப்போவில் கேக் வெட்டி அவரை அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. வழியெல்லாம் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

தெரு உண்மையிலேயே அமைதியாக இருந்தது. இரண்டு பக்கமும் மரம், ஒரு சைக்கிள் கடை, ஒரு தையல் கடை, சுவரெல்லாம் படம் வரைந்த ஒரு குட்டிப் பள்ளிக்கூடம். அதற்கு நடுவே, யாரோ வசதியானவர் வீடு மாதிரி அந்த ஓட்டல். பெயர்ப்பலகைகூட உள்ளங்கை அகலம்தான். உள்ளே நுழைந்தால் சுவரில் பூச்சு இல்லை, செங்கல் அப்படியே தெரிகிறது. கூரையிலிருந்து கறுப்பு ஒயரில் பல்பு தொங்குகிறது. நாற்காலி ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்றின் ஜாதியே வேறு.

"காசு பத்தாம நிறுத்திட்டாங்க போல," என்றார் டிரைவர் காதோடு.

"சும்மா இருங்க. இதுதான் ஸ்டைலாம்."

"ஓகோ. அப்ப நம்ம வீடும் ஸ்டைல்தான்."

ரிசப்ஷனில் இருந்த பெண் சிரித்த முகமாக வரவேற்றாள். காலைச் சாப்பாடு எங்கே, வெந்நீர் எப்படித் திருப்புவது, வெளியே போனால் சாவியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும், ரூமைக் காலி செய்யும்போது மட்டும் இந்த மரக்கிண்ணத்தில் போட வேண்டும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். மூலையக்கா எங்கே கேட்டாள்? அவள் விரல் மேஜைக்கு அடியில் போய்த் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. இருந்தது. அந்தத் திருப்தியில் காதில் எதுவும் ஏறவில்லை. டிரைவரோ தொங்குகிற பல்பை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

அறைக்கு நம்பர் கிடையாது, நிறம்தான். அவர்களுக்கு மஞ்சள் அறை. ஒரு சுவர் மட்டும் மாம்பழ மஞ்சள், மற்றதெல்லாம் வெள்ளை. தரை சாம்பல் நிறச் சிமென்ட், முகம் தெரிகிற அளவுக்கு வழவழவென்று. ஜன்னலை ஒட்டி மெத்தை போட்ட திண்டு, உட்கார்ந்தால் மரக்கிளை கைக்கு எட்டும். மூலையக்கா நேராகக் கட்டிலுக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். "மூலை பரவால்ல," என்றாள், பெரிய மனசு பண்ணி. பிறகு அதை உருவிவிட்டுத் தானே ஒருமுறை போட்டாள்.

அன்று மாலை இரண்டு பேரும் அந்தத் திண்டில் உட்கார்ந்தார்கள். பெண்ணைப் பற்றிப் பேசினார்கள், மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினார்கள், முட்டை விலையைப் பற்றிப் பேசினார்கள். சரக்கு தீர்ந்துவிட்டது. அவர் தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தார். அவள் அவருடைய காதைப் பார்த்தாள். காதில் எப்போது இவ்வளவு நரை முடி வந்தது? சாப்பிட்டதும் அவளுக்குக் கண் சொருகியது, அவருக்கோ அப்போதுதான் பொழுது விடிந்தது. அவள் படுத்தாள், அவர் உட்கார்ந்தார். அவள் இருட்டோடு எழுந்தபோது, அவர் அப்போதுதான் படுத்துக் கண் அசந்திருந்தார். ஓட்டலுக்கு வந்தும் அதே மாடிப்படிக் கதைதான் என்று மூலையக்காவுக்கு மனசு கசந்தது. பின்பக்கத்து அறை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது.

கசந்தால் கை சும்மா இருக்குமா? குளியலறைக் கண்ணாடியைத் துடைத்தாள். தரையைத் துணியால் ஒற்றி எடுத்தாள். அவர் எழுந்து பல் துலக்கியதும் இரண்டு பிரஷ்ஷையும் உலர்த்திப் பைக்குள் வைத்தாள். சாமான் வெளியே தெரிந்தால் அறை அலங்கோலமாக இருக்கும் என்பது அவள் சித்தாந்தம். அதனால் பையை அலமாரியின் உச்சித் தட்டில், கம்பளிக்குப் பின்னால் தள்ளினாள். டிரைவர் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் கட்டில் தயார். தலையணை நிமிர்ந்து நிற்கிறது. சுருக்கம் என்றால் என்ன விலை என்று கேட்கிறது விரிப்பு.

டிரைவர் துண்டோடு நின்றபடி கட்டிலைப் பார்த்தார். "நான் இதுல தூங்கினேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு," என்றார். குரலில் கேலி இல்லை. அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். அந்தத் துண்டையும் வாங்கி மடித்துத் தொங்கவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு நடக்கக் கிளம்பினார்கள். அவள் வேலை பார்க்கும் ஓட்டலில் விருந்தாளிகள் வெளியே போகும்போது சாவியை மேஜையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், அப்போதுதான் ரூமைச் சுத்தம் செய்ய முடியும். அந்தப் பழக்கத்தில், ரிசப்ஷன் பெண் உள்ளே எங்கோ போயிருந்த நேரம் பார்த்து, மரக்கிண்ணத்தில் சாவியைப் போட்டாள் மூலையக்கா. போட்டதோடு கிண்ணத்தை மேஜையின் நடுவுக்கு நகர்த்தியும் வைத்தாள்.

நடை நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஏதோ கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். பூங்காவில் ஒரு கிழவர் தன் நாயைத் திட்டிக்கொண்டே நடந்தார், நாய் அவரைச் சட்டை செய்யவில்லை. டிரைவர் ஒவ்வொரு திருப்பத்திலும், "இங்க பெரிய வண்டி திரும்பாது," என்றார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது, இப்போது சொல்லிவிடலாம் என்று மூலையக்கா தொண்டையைச் செருமினாள். "முதலாளியம்மா..." என்று ஆரம்பித்தாள்.

"அவங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. முட்டி வலின்னாங்க."

முதலாளியம்மாவின் முட்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. பொய் சொன்னதில் அவளுக்கே தன்மேல் எரிச்சல். அவர் பாட்டுக்கு, "வயசானா வரும்," என்று சொல்லிவிட்டு நாயைப் பார்த்தார்.

மதியம் சாப்பிட்டு முடித்துத் திரும்பினார்கள். ரிசப்ஷன் பெண் இவர்களைப் பார்த்ததும் பேயைக் கண்ட மாதிரி எழுந்து நின்றாள்.

"நீங்க... போகலையா?"

"எங்கம்மா போறது? நாளைக்கு வரைக்கும்தானே போட்டிருக்கு. மஞ்சள் ரூம் சாவி குடு," என்றாள் மூலையக்கா.

அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. விஷயம் இதுதான். கிண்ணத்தில் சாவி கிடந்தது. சுத்தம் செய்யும் பெண் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தாள். பை இல்லை, பிரஷ் இல்லை, குப்பைக் கூடையில் ஒரு காகிதத்துண்டு இல்லை, கட்டில் புத்தம் புதுசாக இருக்கிறது. அந்த ரூமை நேற்றே தான் முடித்துவிட்டோம் போல, ஆட்கள் தங்கவே இல்லை போல என்று கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள். ஏதோ கண்காட்சி என்று நகரமே நிரம்பியிருந்த நேரம். செருப்புக் கம்பெனி விற்பனைக்காரர் ஒருவர் வந்து கெஞ்சினார். அறையைக் கொடுத்துவிட்டார்கள்.

"பிடிக்காமப் போயிட்டீங்கன்னு நெனச்சு நான் அழாத குறைதாங்க," என்றாள் அந்தப் பெண், இப்போது நிஜமாகவே அழாத குறையாக.

டிரைவர் மெதுவாகத் தன் மனைவி பக்கம் திரும்பினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பெற்ற பெண் செலவில் வைத்துக்கொண்டதை இப்போதுதான் பார்க்கிறோம்! மூலையக்கா திருதிருவென்று விழித்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அவள் ஓட்டலில் ரூமைக் குப்பைமேடாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கிப் போயிருக்கிறார்கள். சுத்தம் செய்ததற்காக ரூமை இழந்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பையை எடுக்க மேலே போனார்கள். கதவைத் தட்டியதும் செருப்புக்காரர் இடுப்பில் துண்டும் முகத்தில் பாதிச் சோப்புமாக எட்டிப் பார்த்தார். "என்ன வேணும்?"

"எங்க பை."

"உங்க பை எதுக்கு என் அலமாரில இருக்கு?"

நியாயமான கேள்விதான். மூலையக்கா பதில் சொல்லாமல் உள்ளே போய், கம்பளிக்குப் பின்னாலிருந்து பையை இழுத்து எடுத்தாள். அந்த மனுஷர் வாயைப் பிளந்தார். திரும்பும்போது அவள் கண் கட்டிலில் விழுந்துவிட்டது. அய்யோ! விரிப்பு பாதி தரையில், தலையணை கால்மாட்டில், நடுவில் திறந்த பெட்டி, பெட்டி நிறைய ஒற்றைச் செருப்புகள். அவள் கை தானாக நீண்டது. டிரைவர் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவள் கையைப் பிடித்து எங்கேயாவது கூட்டிப்போனது எப்போது என்று அவளுக்கு ஞாபகமில்லை. கீழ்ப்படி வரைக்கும் அவர் விடவில்லை.

ரிசப்ஷன் பெண் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். மொட்டை மாடியை ஒட்டிப் புதிதாக ஒரு அறை கட்டியிருக்கிறார்கள், இன்னும் வாடகைக்கு விடவில்லை. பெயிண்ட் வாசனை கொஞ்சம் இருக்கும், திரைச்சீலை வரவில்லை, கட்டில் மெத்தை எல்லாம் உண்டு. "நான் வந்து பெட் போட்டுத் தரேன்," என்று விரிப்பும் உறையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பாதியிலேயே கீழே போன் அடித்தது. எல்லாவற்றையும் மூலையக்கா கையில் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கி ஓடினாள்.

அறையில் வெயில் கொட்டிக் கிடந்தது. மெத்தை வெறுமனே கிடந்தது. மூலையக்கா பையை வைத்துவிட்டு விரிப்பை உதறினாள். "ரெண்டு நிமிஷம்," என்றாள்.

"குடு இங்க," என்றார் டிரைவர். "நீ உக்காரு."

"உங்களுக்கு வராதுங்க."

"வராது. தெரியும். உக்காரு."

அவர் அப்படி அழுத்திச் சொல்லி அவள் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் விரிப்பை விரித்தார், நீளத்தை அகலத்தில் போட்டார். ஒரு பக்கம் முழம் தொங்கியது, இன்னொரு பக்கம் மெத்தையே தெரிந்தது. கட்டிலைச் சுற்றி வந்து இழுத்தார், இந்தப் பக்கம் சரியானதும் அந்தப் பக்கம் போயிற்று. மூலையக்கா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படியும் வாய் அடங்கவில்லை.

"வலது பக்கம் ஒடிங்க. வரலாம், வரலாம்... நிறுத்துங்க, நிறுத்துங்க! இடிச்சிட்டீங்க."

"கண்டக்டருக்கு இவ்வளவு வாய் ஆகாது," என்றார் அவர். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்தால் தோள் குலுங்குகிறது என்று அவள் கவனித்தாள்.

தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேசினார். "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"தினமும் காலைல வந்து கதவைத் திறப்பேன். கட்டில் அப்படியே ஓட்டல் மாதிரி இருக்கும். ஒரு சுருக்கம் கிடையாது. நீ அதுல படுத்திருந்தியா, இல்லையான்னே தெரியாது. விரிப்புல கையை வச்சுப் பாப்பேன், ஜில்லுன்னு இருக்கும். தலையணை உறையக் கூட மாத்தியிருப்ப." உறையின் முனையை உள்ளே திணித்தார், அது வெளியே வந்தது. "வீட்ல ஆள் இருந்த மாதிரியே இருக்காது. நான்தான் ஏதோ ரூம் எடுத்துத் தங்கற மாதிரி இருக்கும்."

ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வருகிற மனுஷன், புது விரிப்பில் சுகமாகப் படுக்கட்டும் என்று, மழையோ காய்ச்சலோ, ஒரு நாள் விடாமல் அவள் செய்த வேலை அது. அன்பைக் காட்ட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. அதையா இந்த மனுஷன்...

"உங்களுக்காகத்தாங்க செஞ்சேன்."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

அவள் அழுதாள். பெரிதாக ஒன்றும் இல்லை, ரெண்டு சொட்டு. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, இனி மறைத்து என்ன என்று மளமளவென்று கொட்டினாள். முதலாளியம்மாவுக்கு முட்டி வலி இல்லை. ராத்திரி தங்குகிற வேலைக்குக் கூப்பிடுகிறார். பின்பக்கம் அறை. வாரத்துக்கு ஒரு நாள். இன்றைக்குச் சாயங்காலம் பதில் சொல்ல வேண்டும். "சரின்னு சொல்லத்தான் இருந்தேன். எனக்குப் பயமா இருந்துச்சுங்க. உங்ககூட இருந்து எனக்குப் பழக்கமே இல்ல."

டிரைவர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். வெளியே வந்த உறை முனையை மறுபடி உள்ளே திணித்தார். கோபம்தான் போலும் என்று அவள் நினைத்தாள்.

"போன மாசம் நான் மேனேஜரைப் போய்ப் பாத்தேன்," என்றார் கடைசியில். "இன்னும் ஒரு வருஷம் ராத்திரி வண்டியே ஓட்டறேன், குடுங்கன்னு கேட்டேன். வீட்டுக்குப் போய்த் தூங்குய்யான்னு விரட்டிட்டாரு."

"என்னது? நீங்களா?"

"பின்ன? பகல்ல முழிச்சிட்டு உன்கிட்ட என்ன பேசறதுன்னு எனக்கு மட்டும் தெரியுமா?"

"அடப்பாவி மனுஷா!" என்றாள் மூலையக்கா. வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனை அப்படிச் சொன்னாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தோள் குலுங்கியது.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: "உனக்குப் பிடிச்சிருந்தா போ. நான் தடுக்க மாட்டேன். உன் வேலை, உன் பேரு, எல்லாம் அங்கதான் இருக்கு. ஆனா..."

"ஆனா என்ன?"

"ஒண்ணுமில்ல. முகமெல்லாம் வாடிக் கிடக்கு. செத்த நேரம் படு."

அவள் போய்ப் படுத்தாள். முதுகுக்குக் கீழே விரிப்பு ஆற்று மணல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. காலடியில் ஒரு முனை இப்போதே கழன்றுவிட்டது. எழுந்து சரி செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. அப்படியே கிடந்தாள். அவர் பக்கத்தில் சாய்ந்தார். பட்டப்பகலில், திரைச்சீலை இல்லாத ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் அடிக்க, அவளுக்கு அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வந்தது.

போன் அடித்தபோது வெயில் சுவருக்கு ஏறியிருந்தது. டிரைவர்தான் எடுத்தார். முதலாளியம்மாவின் குரல் கட்டில் வரைக்கும் கேட்டது.

"அவங்க தூங்கறாங்க," என்றார் அவர். அந்தப் பக்கம் நம்பவில்லை போலிருக்கிறது. "ஆமாங்க மேடம், தூங்கறாங்க. இந்த நேரத்துலதான். இல்லங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. என்ன பதில்னு எனக்குத் தெரியாதுங்க, அவங்க எந்திரிச்சாதான்..."

மூலையக்கா கண்ணைத் திறக்கவில்லை. புரண்டு படுத்து, முகத்தைத் தலையணையில் புதைத்தபடியே சொன்னாள்: "காலைல வேலைக்கு வந்துடுவேன், ராத்திரி தங்க முடியாதுன்னு சொல்லுங்க. ராத்திரி வீட்ல இருப்பேன்னு சொல்லுங்க."

டிரைவர் போனைக் காதில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா இரண்டு மூன்று தடவை "ஹலோ" என்றார்.

"காலைல வந்துடுவாங்களாம் மேடம். ராத்திரி வீட்ல இருப்பாங்களாம்."

முதலாளியம்மா ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அது டிரைவருக்குத் தெரியும். இருந்தாலும் போனைக் காதிலிருந்து எடுக்காமல், இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"ஆமாங்க. ராத்திரி வீட்ல இருப்பாங்க."